போயஸி, பொருள் இரண்டு

சொற்பொருள் நிலைநாட்டு ஆணையம் என்று ஒரு அலுவலகம் இருக்கிறது. நாலு மாடி, நடுவில் ஒரு லிஃப்ட், வாசலில் எப்போதும் தூங்கும் ஒரு நாய். ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் சொல்லும் அகராதி ஒன்றை இவர்கள் முப்பத்தொரு வருடமாக வெளியிட்டு வருகிறார்கள். முதல் பதிப்பைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். இப்போது வந்திருக்கும் ஆறாம் பதிப்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் காது குடையலாம். உலகத்தில் அகராதி என்று பிறந்தது எல்லாம் வருடத்துக்கு வருடம் ஊதிக்கொண்டே போகும்; இவர்களுடையது மட்டும் இளைத்துக்கொண்டே வருகிறது. இதை யாராவது குறையாகச் சொன்னால் ஆணையத்தில் ஒருவருக்கும் கோபம் வராது. பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சிரிப்பார்கள்.

இளைப்புக்குக் காரணம் அவர்களுடைய உயிர்ச்சான்று முறை. ஓய்வூதியம் வாங்குகிறவர் வருடத்துக்கு ஒருமுறை நேரில் போய், ‘நான் இன்னும் சாகவில்லை’ என்று காட்டிவிட்டு வருவார் அல்லவா? அந்த ஏற்பாட்டைச் சொல்லின் பொருளுக்கும் கொண்டுவந்தார் ஒரு புண்ணியவான். ஒரு சொல்லுக்கு ஐந்து பொருள் என்றால் ஐந்துக்கும் தனித்தனியாகச் சாட்சி வந்து நிற்க வேண்டும். ‘இந்தப் பொருள் என் வாழ்க்கையில் புழக்கத்தில் உள்ளது’ என்று கையெழுத்துப் போட வேண்டும். மூன்று வருடம் ஆள் வரவில்லையென்றால் அந்தப் பொருள் காலமானதாகப் பதிவாகிவிடும். போன வருடம் ஒரு பொருள், சாட்சி இருந்தும் உயிரை விட்டது. கூப்பிட்ட நேரத்தில் அவர் கழிப்பறையில் இருந்தாராம்.

இதெல்லாம் தெரியாமலே காஜாக்காரர் ஐம்பத்தாறு வயதுவரை நன்றாகத்தான் இருந்தார். சட்டையில் பொத்தான் நுழைகிற துளைக்குக் காஜா என்று பெயர். சட்டைத் தொழிற்சாலையில் அந்தத் துளையைப் போடும் இயந்திரத்தின் முன்னால் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருப்பவர் அவர். முன்பக்கம் ஏழு, கைக்கு ஒன்று ஒன்று, ஆக ஒன்பது, அடுத்த சட்டை. சொந்தப் பெயரைச் சம்பளச் சீட்டில் மட்டும்தான் பார்ப்பார்.

அவருடைய மனைவி நூலகத்தில் வேலை பார்த்தாள். புத்தக முதுகில் எண் ஒட்டுகிற வேலை. ஒட்டுகிற புத்தகத்தைப் பிரித்து நாலு பக்கம் மேயாமல் அவளுக்குப் பசை காயாது. மேய்ந்ததை எல்லாம் வீட்டுக்கு வந்து இவரிடம் கொட்டுவாள். பதினாலு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம் கையில் எதையோ மூடிவைத்துக்கொண்டு வந்தாள்.

“இங்கிலீஷ்ல போயஸின்னு ஒரு சொல் இருக்கு, தெரியுமா?”

“நமக்கெதுக்கு அது?”

“கவிதைன்னு அர்த்தம். ஆனா ரெண்டாவதா இன்னொரு அர்த்தம் போட்டிருக்கு. மோதிரத்துக்கு உள்பக்கம் வெட்டற சின்ன வரியாம். வெளியில எவனுக்கும் தெரியாது. போட்டுக்கிட்டவருக்கு மட்டும்தான் தெரியும்.”

“சரி, அதுக்கு?”

“அதுக்கு ஒண்ணுமில்ல. விரலை நீட்டுங்க.”

அன்றைக்கு மாட்டிய மோதிரம். அதற்குப் பிறகு விரல் பருத்துப்போய், மோதிரம் அங்கேயே குடியிருந்துவிட்டது. நூலகத்தில் பழைய புத்தகங்களைக் கழித்துக் கட்டியபோது ஆணைய அகராதியின் முதல் பதிப்பையும் அவள் கேட்டு வாங்கி, ரிக்‌ஷாவில் வைத்துக் கொண்டுவந்தாள். போயஸி இருக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு. பொருள் ஒன்று: கவிதை. பொருள் இரண்டு: மோதிரத்தின் உட்புறம் பொறிக்கப்படும் சிறு வரி. பொருள் மூன்று: பூங்கொத்து.

அவள் போய் இரண்டு வருடமாகிறது. தொழிற்சாலையில் நாற்பது இயந்திரங்கள் ஓடும். அங்கே பேசினால் கேட்காது. வீட்டில் பேசினால் கேட்கும், ஆனால் ஆளில்லை. சில நாள் காலையில் கடையில் ‘பால் ஒண்ணு’ என்று சொல்வதோடு அன்றைய பேச்சு தீர்ந்துவிடும். சாயங்காலம் பூட்டைத் திறந்து உள்ளே வந்ததும் செருப்பைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருப்பார். எதற்கு நிற்கிறோம் என்று நினைவு வந்ததும் போய் விளக்கைப் போடுவார். பிறகு கை கழுவிவிட்டு அந்தப் பெரிய அகராதியைத் திறந்து, கோடு போட்ட பக்கத்தைப் பார்ப்பார். அவளுக்கும் அவருக்கும் நடுவில் இருந்த ஒரு விஷயத்துக்கு எங்கேயோ, யாரோ, முன்பின் தெரியாதவர்கள் பெயர் வைத்து அச்சடித்திருக்கிறார்கள். அது அவருக்குப் பெரிய துணையாக இருந்தது.

அந்தத் துணைக்குத்தான் ஆபத்து வந்தது. முடிவெட்டும் கடையில் வரிசைக்காகக் காத்திருந்தபோது, ஒரு பழைய நாளிதழில் ஆணையத்தின் அறிவிப்பைப் பார்த்தார். உயிர்ச்சான்று கிடைக்காததால் நீக்கப்படவிருக்கும் பொருள்கள் என்று பொடி எழுத்தில் ஒரு முழுப் பக்கம். ‘போயஸி (2)’ என்பது கண்ணில் பட்டது. கெடு முடிய இன்னும் நாலு நாள். முடிவெட்டுகிறவர், “அண்ணே, நீங்கதான் அடுத்து” என்று துணியை உதறியபோது நாற்காலியில் ஆளில்லை.

மறுநாள் மேற்பார்வையாளரிடம் போய் அரை நாள் விடுப்புக் கேட்டார்.

“என்ன விஷயம்?”

“ஒரு அர்த்தத்துக்குச் சாட்சி சொல்லணுங்க.”

“யார் மேல கேஸு?” என்று கேட்டார் மேற்பார்வையாளர். எந்த வம்பும் வேண்டாம் என்று முழு நாளாகவே கொடுத்துவிட்டார்.

ஆணையத்தின் கீழ்த்தளத்தில் பொருள் பிரிவு. கூடம் நிறைய பெஞ்சுகள், பெஞ்சு நிறைய சாட்சிகள். ஒவ்வொருவரும் ஒரு சொல்லின் ஒரு பொருளுக்காக வந்தவர்கள். காஜாக்காரரின் முறை வந்தது.

“எந்தச் சொல்?” என்றார் எழுத்தர், தலை நிமிராமல்.

“போயஸிங்க.”

“எத்தனையாவது?”

“ரெண்டு.”

எழுத்தர் நிமிர்ந்தார். மேலும் கீழும் பார்த்தார். பிறகு பின்னால் திரும்பி, “சார், போயஸி ரெண்டு உயிரோட வந்து நிக்குது!” என்று கத்தினார்.

“ஐயையோ,” என்று உள்ளிருந்து ஒரு குரல். “அதுக்கு நேத்தே இரங்கல் குறிப்பு டைப் அடிச்சாச்சே! இப்ப யார் கிழிக்கறது?”

கூடமே திரும்பிப் பார்த்தது. காஜாக்காரருக்கு ஏதோ தப்புச் செய்துவிட்டது போலக் கூச்சமாக இருந்தது. படிவம் கொடுத்தார்கள். ‘சாட்சிக்கும் பொருளுக்கும் உள்ள உறவு: பிறப்பு வழி / திருமண வழி / நட்பு / இதர’ என்று ஒரு கேள்வி. யோசித்துவிட்டுத் திருமண வழியில் டிக் போட்டார். அந்தப் படிவத்தில் அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்த பதில் அது ஒன்றுதான்.

“வரி என்னன்னு இங்கே எழுதுங்க” என்று எழுத்தர் ஒரு கட்டத்தைக் காட்டினார்.

“மோதிரத்துல இருக்குங்க.”

“இருக்கட்டும். வாயால சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்.”

“அது நான் சொல்ற வரி இல்லைங்க. என் வீட்டுக்காரி சொல்றது. நான் சொன்னா நல்லா இருக்காது.”

“அப்ப அவங்களை வரச் சொல்லுங்க.”

“அவ இல்லைங்க.”

“எப்ப வருவாங்க?”

காஜாக்காரர் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற ஒருவர் குனிந்து எழுத்தரின் காதில் சொன்னார். எழுத்தர் தலையை ஆட்டிவிட்டு, ‘வெளியூர்’ என்று எழுதிக்கொண்டார். படிவத்தில் உள்ளூர், வெளியூர் என்று இரண்டே கட்டம்தான் இருந்தது. அவரும்தான் என்ன செய்வார்.

பெஞ்சில் போய் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த அம்மாள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். சேலையில் ஒன்றிரண்டு இலைத் துணுக்கு ஒட்டியிருந்தது.

“அண்ணன்தான் ரெண்டா? நான் மூணு. பூக்கடை.” ஏதோ தூரத்துச் சொந்தத்தைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி அவளுக்கு முகம் மலர்ந்தது. “ஏழு வருஷமா இங்க வந்து பூங்கொத்துக்குக் கையெழுத்துப் போடறேன். இந்த ஆபீஸ்ல ஒருத்தராவது ஒரு கொத்து வாங்கியிருப்பாங்களா? ம்ஹூம்.”

“ஒண்ணாவதுக்கு யாரும்மா?”

“அதுக்கு யாரும் வரவேணாம். ஆணையத் தலைவரே கவிஞர்தானே. அவருக்கு அவரே சாட்சி. மாடியில உக்காந்தே போட்டுக்குவார்.” குரலைத் தணித்துக்கொண்டாள். “ஒண்ணும் பேசாதீங்க அண்ணா. பேசினா எழுதிக்குவாங்க.”

அதற்குள், வேரைச் சரிபார்க்காமல் பொருளைப் பார்க்க முடியாது என்று கோப்பை வேர்ப் பிரிவுக்கு அனுப்பினார்கள். சொற்களின் பிறப்பை ஆராயும் அந்தப் பிரிவு நாலாவது மாடியில் இருந்தது. வேர் கீழேதானே இருக்கும் என்று கேட்டால், கீழ்த்தளம் ஈரமாம். லிஃப்டில் ‘கோப்புகளுக்கு மட்டும்’ என்று எழுதியிருந்தது. கோப்பு தனியாக உள்ளே நின்றுகொண்டு மேலே போனது. காஜாக்காரர் படியேறினார்.

“உங்க கோப்பு வந்து கால் மணி நேரமாச்சு,” என்றார் வேர் அலுவலர். “நீங்க ஏன் லேட்டு?”

காஜாக்காரருக்கு மூச்சு வாங்கியது. அலுவலர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கேட்க ஆள் கிடைத்து எத்தனை நாளாயிற்றோ, மடை திறந்துவிட்டார்.

“கீழே இருக்கானுங்களே, அவனுங்க இலையை எண்ணறவனுங்க. ஒரு சொல்லுக்கு மூணு பொருளாம்! வேர் ஒண்ணுதானே, பொருள் எப்படி மூணாகும்? இந்தப் போயஸி கிரேக்கத்துல பிறந்தது. அங்கே அதுக்குச் ‘செய்யறது’ன்னு அர்த்தம். லத்தீனுக்குக் குடிபோய், பிரெஞ்சுல வளர்ந்து, இங்கிலீஷ்ல வந்து கெட்டுப்போச்சு. நம்ம செய்யுளையே எடுத்துக்குங்க, அதுவும் ‘செய்’யிலேருந்து வந்ததுதான். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்ல, ஆனா ஒரே மாதிரி யோசிச்சிருக்காங்க. ஆக, எவன் ஒண்ணைச் செய்யறானோ அவன்தான் கவி. நீங்க என்ன செய்யறீங்க?”

“சட்டைக்குக் காஜா போடறேங்க.”

“அப்படின்னா?”

“பொத்தான் போற ஓட்டை.”

அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் தெரிந்தது.

“ஓட்டையை யாரும் செய்ய முடியாது சார். துணியை எடுத்துட்டா மிச்சம் இருக்கறதுதான் ஓட்டை.”

“சும்மா எடுத்துட்டா பிரிஞ்சுடுங்க. சுத்தி நூல் கட்டணும். அதான் வேலையே.”

“அது ஓட்டையோட ஓரம். ஓரத்தைப் பத்தி நான் கேக்கல.”

‘சாட்சி எதையும் செய்வதில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு, மனிதர் பாவம் என்று தோன்றியதோ என்னவோ, கொஞ்சம் இறங்கி வந்தார். “தப்பா எடுத்துக்காதீங்க. இருபத்தெட்டு வருஷமா இந்த ஒரு சொல்லோட வேரைத்தான் தோண்டறேன். இதுவரைக்கும் ஒரு கவிதைகூடப் படிச்சதில்ல. படிச்சா நடுநிலைமை போயிடும், பாருங்க.”

கோப்பு லிஃப்டில் இறங்கியது. காஜாக்காரர் படியில் இறங்கினார். வேர்ப் பிரிவு சாட்சியை மறுத்துவிட்டது என்று தெரிந்ததும் பொருள் பிரிவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர்கள் வேண்டாம் என்றால் நாம் எடுத்தே தீருவது என்று அத்தனை பேரும் கச்சை கட்டிக்கொண்டு இறங்கினார்கள். வரியைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு மோதிரத்தைக் கழற்ற வேண்டும். அங்கேயே ‘மோதிரம் அகற்று துணைக்குழு’ என்று ஏழு பேர் கொண்ட குழு ஒன்று அமைந்தது. குழு அலுவலக கேன்டீனில் கூடியது, சோப்பும் எண்ணெயும் அங்கேதான் இருந்தன.

முதலில் சோப்பு போட்டு இழுத்தார்கள். பிறகு எண்ணெய். பிறகு ஐஸ் கட்டியில் விரலைப் புதைத்துவிட்டு எல்லோரும் டீ குடித்தார்கள். ஒருவர் தன் அத்தை நூலைச் சுற்றிக் கழற்றுவாள் என்றார். நூலைச் சுற்றியதில் விரல் நீலமாகியது. அவருடைய அத்தையைப் பற்றிக் குழுவில் கருத்து வேறுபாடு எழுந்தது. எக்ஸ்ரே எடுக்கலாமே என்றார் இளையவர் ஒருவர். அதில் எலும்புதான் தெரியும், எழுத்துத் தெரியாது என்று மூத்தவர் அடக்கினார். ஏழு பேர் மாறி மாறி ஒரே விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரமும் காஜாக்காரர் முகத்தில் வலி தெரியவில்லை. அவர் கையை இன்னொரு மனிதர் தொட்டு இரண்டு வருடமாகிறது. அதை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது.

‘மோதிரம் ஒத்துழைக்கவில்லை’ என்று குழு அறிக்கை கொடுத்தது. முடிவு: அறுத்து எடுப்பது. சாட்சி சம்மதித்தால் நாளைக் காலை ஆணையத் தலைவர் முன்னிலையில் விசாரணை. சம்மதிக்காவிட்டால் இரங்கல் குறிப்பு ஏற்கெனவே தயார்.

வீட்டுக்கு வந்ததும் மைத்துனரிடமிருந்து போன் வந்தது. மாதம் ஒருமுறை பேசுவார், அவளுடைய தம்பி. காஜாக்காரர் நடந்ததைச் சொன்னார்.

“அத்தான், உங்களுக்கு என்ன ஆச்சு? அக்கா போட்டுவிட்ட மோதிரத்தை எவனோ அறுக்கறதுக்கு நீங்க கையை நீட்டப் போறீங்களா?”

“அறுக்கலேன்னா அந்த அர்த்தத்தை எடுத்துடுவாங்கடா.”

“எடுத்துட்டுப் போகட்டுமே! உங்க வீட்லதான் அந்தத் தடி அகராதி இருக்கே. அதுலேருந்து யார் எடுக்கப் போறா?”

“அது பழைய புத்தகம்டா. அதுல மட்டும்தான் இருக்குன்னா, இப்ப இல்லைன்னுதான் அர்த்தம்.”

“விட்டுத் தள்ளுங்க அத்தான். இங்க வந்து பத்து நாள் இருங்க. பிள்ளைங்களும் கேட்டுக்கிட்டே இருக்குங்க.”

“வரேன், வரேன்” என்றார் காஜாக்காரர். இரண்டு வருடமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போனை வைத்த பிறகு மோதிரத்தைத் திருகிப் பார்த்தார். ஒரு இம்மியும் நகரவில்லை. இதை அறுக்காமல் வைத்துக்கொள்ளலாம். செத்தாலும் கூடவே வரும். ஆனால் நாளைக்கு யாராவது இது என்ன என்று கேட்டால், மோதிரம் என்று மட்டும்தான் சொல்ல முடியும். அவள் தேடிப் பிடித்து வந்த சொல்லை, தான் உயிரோடு இருக்கும்போதே செத்ததாக எழுதிவிடுவார்கள். ஊரில் இதற்குச் சாட்சி சொல்ல வேறு ஆள் இல்லை. அதுதான் அவரைப் பிடித்து உலுக்கியது. குழு கொடுத்தனுப்பியிருந்த படிவத்தில் ‘சம்மதம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்தார்.

விசாரணை அறையில் நீள மேஜை. மேஜையின் தலைமாட்டில் ஆணையத் தலைவர். பக்கத்தில் செயலர், சுருக்கெழுத்துப் பெண், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பொருள் பிரிவும் வேர்ப் பிரிவும். தலைவர் எழுந்து தொடக்க உரை ஆற்றினார்.

“மொழி என்பது என்ன? ஒரு வீடு. வீட்டில் சாமான் சேர்ந்தால் என்ன செய்வோம்? தூக்கி எறிவோம். நான் பொறுப்பேற்றபோது இந்த அகராதியில் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பொருள்கள் இருந்தன. இன்று பத்தொன்பதாயிரம். அடுத்த பதிப்பு சட்டைப்பையில் அடங்கும். என் ஓய்வுக்குள் அதை ஒரே பக்கத்தில் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது என் கனவு. அந்தப் பக்கத்தில் ‘கவிதை’ கட்டாயம் இருக்கும். அதற்கு நான் பொறுப்பு.”

எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்டி முடித்ததும் ஆணையத்தின் எலெக்ட்ரீஷியன் ரம்பத் தகட்டோடு உள்ளே வந்தார்.

“பயப்படாதீங்க சார்,” என்றார். “போன வாரம்தான் ஒரு குழாய் அறுத்தேன்.”

அந்தக் கட்டடத்தில் தன் வேலை தெரிந்த ஒரே ஆள் அவர்தான். விரலுக்கும் மோதிரத்துக்கும் நடுவில் ஒரு தகரத் துண்டைச் செருகி, மேஜையில் கையை வைக்கச் சொல்லி, மெல்ல மெல்ல அறுத்தார். தோலில் ஒரு கீறல் விழவில்லை. மோதிரம் வாய் பிளந்து கழன்று வந்தது. இருந்த இடத்தில் விரல் வெளுத்து, பள்ளம் விழுந்து, யாரோ வேறு ஒருவருடைய விரல் போலத் தெரிந்தது. காஜாக்காரர் அதை மறு கையால் மூடிக்கொண்டார்.

மோதிரத்தை ஒரு தட்டில் வைத்துத் தலைவரிடம் கொண்டுபோனார்கள். அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை வாங்கி, ஒரு கண்ணைச் சுருக்கி, மோதிரத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். பதினாலு வருடத்து அழுக்கைச் செயலர் குண்டூசியால் சுரண்டிக் கொடுத்தார். தலைவர் மனசுக்குள் ஒருமுறை படித்தார். புருவம் உயர்ந்தது. ‘இதற்கா இத்தனை பாடு’ என்பது போல ஒருமுறை எல்லோரையும் பார்த்தார். ஆனாலும் விதி விதிதான். சான்றாக வந்த வரியைச் சபையில் உரக்க வாசித்தாக வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு, மேடையில் கவிதை படிக்கும் கனத்த குரலில் வாசித்தார்.

“வந்துட்டீங்களா?”

அவ்வளவுதான் வரி. தினம் சாயங்காலம் கதவுச் சத்தம் கேட்டதும் அவள் சமையலறையிலிருந்து, செய்கிற வேலையை நிறுத்தாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்பது. வந்தவர் கண்முன்னால் நிற்கும்போது கேட்கிற கேள்வியா இது என்று அவர் எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறார். அதனால்தான் அதையே மோதிரத்தில் வெட்டிக்கொண்டு வந்தாள்.

“வந்துட்டேன்” என்றார் காஜாக்காரர்.

அவர் யோசித்துச் சொல்லவில்லை. வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பதே தெரிந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

அறையில் சலசலப்பு. சுருக்கெழுத்துப் பெண் இரண்டையும் எழுதிவிட்டு, “ஐயா, ரெண்டாவதா வந்ததும் மோதிரத்துல இருக்கா?” என்று கேட்டாள்.

“இல்லை,” என்றார் தலைவர். “யார் பேசியது?”

“நான்தாங்க. தெரியாம வந்துடுச்சு.”

தலைவரும் செயலரும் இரண்டு பிரிவுகளும் தலையைச் சேர்த்துக் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். இருபது வருடத்தில் பொருள் பிரிவும் வேர்ப் பிரிவும் ஒன்றோடொன்று பேசியது அதுதான் முதல் தடவை. பேசி முடித்ததும் தலைவர் எழுந்து தீர்ப்பைச் சொன்னார்.

“இது பேச்சு வழக்கில் இருக்கிறது என்பதற்காக ஆணையம் இதை ஒதுக்கவில்லை. சாட்சி எதையும் செய்வதில்லை என்ற வேர்ப் பிரிவின் குறிப்பையும் நாங்கள் பெருந்தன்மையோடு மன்னிக்கிறோம். ஆனால் இந்த வரிக்குச் சற்று முன் பதில் வந்துவிட்டது. அதை எல்லோரும் கேட்டோம். நான் முப்பத்தைந்து வருடமாகக் கவிதை எழுதுகிறேன். பதினேழு தொகுப்புகள். எண்ணூறு மேடைகள். இன்றுவரை ஒருவர்கூட, ஒரு தடவைகூட, பதில் சொன்னதில்லை. என் வீட்டில்கூடச் சொன்னதில்லை. கவிதைக்கு அதுதான் இலக்கணம். பதில் வந்தால் அது உரையாடல். உரையாடல் மோதிரத்தில் இருந்தாலும் உரையாடல்தான். ஆகவே போயஸி, பொருள் இரண்டு, இன்றுமுதல் நீக்கப்படுகிறது. பதிவை முடித்துக்கொள்ளலாம்.”

சுருக்கெழுத்துப் பெண் நோட்டை மூடினாள். செயலர் மோதிரத்தை ஒரு காகித உறைக்குள் போட்டு, ஒட்டி, காஜாக்காரரின் கையில் கொடுத்தார். “மேல்முறையீடு ஏதாவது செய்யறீங்களா? படிவம் இருக்கு.”

“இல்லைங்க.” உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலைவரைப் பார்த்தார். “ஐயா அதை இன்னொரு தடவை படிச்சாப் போதும்.”

“எதை?”

“அந்த வரியைத்தாங்க.”

தலைவர் செயலரைப் பார்த்தார். செயலர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பதிவு முடிந்த பிறகு ஒரு வரியைப் படிக்கலாம் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. கொடுத்துத் தொலைத்தால் கிளம்பிவிடுவார் என்று செயலர் கண்ணால் சொன்னார். உருப்பெருக்கிக் கண்ணாடி அதன் பெட்டிக்குள் போயிருந்தது. மோதிரத்தை உறையில் போட்டு ஒட்டியாகிவிட்டது. ஆனால் எட்டு எழுத்துதானே, தலைவருக்கு நினைவிருந்தது. சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. மேடைக் குரலை மறுபடி எடுக்க அவருக்குத் தெம்பில்லை. காகிதங்களை அடுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்.

“வந்துட்டீங்களா?”

காஜாக்காரருக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்து நிறுத்தினார். பதில் சொன்னால் உரையாடலாகிவிடும். மேஜை காலியாகி, கடைசி ஆள் விளக்கை அணைத்துவிட்டு வெளியே போகும்வரை, அவர் வாயைத் திறக்கவில்லை.